பின்வீட்டுக்குப் போகாத துண்டு

மினாசே தீவு
1983 ஜூலை 3

அன்புள்ள இசாமு அண்ணாவுக்கு,

மழைக்காலம் இன்னும் விடவில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கோபேயில் உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கடிதத்தைப் பருவநிலையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்று சொல்கிறது. போன முறை நீ "சாப்பிட்டாச்சா" என்று தொடங்கியிருந்தாய். அதுவும் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான செய்தி. நம் வீட்டு வெளிச்சுவர் மழையில் ஊறிப் பல இடங்களில் உப்பிவிட்டது. நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, அக்கரையிலிருந்து ஆள் கூப்பிடலாமா என்று கேட்டார். அப்பா மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே, "எதுக்கு? அவன் பெயின்டர்தானே. வந்து அடிக்கட்டும்" என்றார்.

அண்ணா, நீ பள்ளியை விட்டுப் பெயின்ட் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. இந்த மூன்று வருடத்தில் அப்பா உன்னைப் "பெயின்டர்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "வேலையில்லாதவன்" என்றுதான் சொல்வார், மாதாமாதம் நீ சம்பளம் வாங்குவது தெரிந்தும். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். சூப் சூடாகத்தான் இருந்தது. அதை மறுபடி சூடாக்கினார்.

ஆகஸ்டில் முன்னோர் பண்டிகை விடுமுறைக்கு வருவாய் அல்லவா? சுவருக்கு ரோலர் நல்லதா, ஸ்பிரே நல்லதா? படகுத்துறை டிக்கெட் அலுவலகத்தில் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் இதைப் பற்றி இரண்டு நாளாகச் சண்டை போடுகிறார்களாம். எனக்குத் தெளிவாக எழுது. நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

ஈரத்தில் படுக்காதே.
உன் தங்கை தமாக்கி

*

கோபே
ஜூலை 12

தமாக்கிக்கு,

மழை. போதுமா பருவநிலை? இருமல் போய்விட்டது. மேஸ்திரி நலம், அவருடைய நாயும் நலம்.

அப்பா சொன்னதை நாலு தடவை படித்தேன். வருகிறேன் என்று சொல்.

ரோலர் என்றால் நேரமாகும். பிரைமர், முதல் கோட், காய விட்டு இரண்டாவது கோட் என்று நம் வீட்டுக்கு நாலு நாள் பிடிக்கும். ஆனால் பெயின்ட் சுவரில்தான் ஒட்டும், வேறெங்கும் போகாது. கோட் கனமாக விழும், நாள்பட உழைக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி தெரியும்.

ஸ்பிரே என்றால் ஒரே நாள். சுவர் புது வங்கிக் கட்டடம் மாதிரி வழவழவென்று வரும். ஜன்னல், கதவுகளை மூடி வைக்கும் வேலைதான் அதிகம். ஆனால் பெயின்டில் நல்ல பங்கு சுவருக்குப் போகாது, புகை மாதிரி காற்றில் போகும். நம் தீவில் அது சரிப்படாது. காலையில் மலையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று பத்து மணிக்கு மேல் நின்று, கடலிலிருந்து மலைக்குத் திரும்பும். உனக்கே தெரியும். காலையில் தெருப்பக்கம் போகிற புகை மதியம் பின்பக்கம் போகும். வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஊரில் ஸ்பிரே எடுப்பவன் முட்டாள்.

ஆகவே ரோலர். அப்பாவிடம் இப்படியே சொல்.

இசாமு

*

மினாசே தீவு
ஜூலை 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை ஓய்ந்து வெயில் ஆரம்பித்துவிட்டது. சில்வண்டுகள் விடிந்ததும் கத்தத் தொடங்கினால் இருட்டும்வரை நிறுத்துவதில்லை. எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் வலிக்கிறது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வரி விடாமல் படித்துக் காட்டினேன். "முட்டாள்" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டு முடித்ததும் அவர், "ரோலரா? அது எதிர்வீட்டுக் கிழவனே ஞாயித்துக்கிழமை உள்பனியனோட நின்னு அடிச்சுக்கிறானே. மூணு வருஷம் போய்க் கத்துக்கிட்டு வந்தது அதுதானாமா?" என்றார். பிறகு, "சரி, அவனுக்கு வர்றதைத்தானே அவன் செய்ய முடியும்" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க அம்மா வெள்ளைத் துண்டுகள் வாங்கி வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார். தூசுக்கும் சத்தத்துக்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் மரியாதை முறைகள் பற்றிய புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன்: எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு. பின்னால் இருக்கும் கவாதே அத்தை வீடு இதில் வராது. அவர் வாசல் மேல்தெருவில் இருப்பதால் அவர் வேறு தெருச் சங்கம். அம்மாவும் அப்படித்தான் என்றார்.

படகில் ஏறியதும் தொலைபேசியில் சொல். நான் துறைக்கு வருகிறேன்.
தமாக்கி

*

மினாசே தீவு
ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

பண்டிகை முடிந்தும் வெயில் குறையவில்லை. மாலையில் காற்று நின்றுபோகும் நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே வியர்க்கிறது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். தோள்வலி தீர்ந்ததா?

நம் வீடு இப்போது ஊருக்கே காட்சிப்பொருள். நீ துறையில் இறங்கும்போது ரோலருக்குப் பதிலாக மேஸ்திரியின் ஸ்பிரே கம்ப்ரசரைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். ஆனால் ஒரே நாளில் நீ செய்து முடித்ததை அப்பா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வருகிறவர்களை எல்லாம் வெயிலில் நிறுத்தி வைத்து, "தடவிப் பாருங்க, தடவிப் பாருங்க. ஒரு கோடு இருக்கா? பாலாடை நிறம். என் பையன்தான்" என்கிறார். தபால்காரர்கூடத் தடவிவிட்டுத்தான் போனார். என் பையன் என்று அப்பா சொல்வதைக் கேட்க அம்மா வாசல் பக்கம் வேலை இல்லாமலே வந்து நிற்கிறார்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நீ படகேறிய அன்று மாலை கவாதே அத்தை தட்டில் இனிப்போடு வந்தார். வாசலில் நின்று தலைகுனிந்து, "அன்னிக்கு நீங்க வேலை செய்யற நேரத்துல நான் பாட்டுக்கு வீட்டையெல்லாம் திறந்து போட்டுட்டேன். உங்க பையனுக்கு இடைஞ்சலா இருந்திருக்கும். மன்னிச்சுக்குங்க" என்றார். அம்மா, "அய்யோ அதெல்லாம் இல்லைங்க" என்று அவரும் குனிந்தார். சுவர் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. நான் மிக அருகில் நின்றேன். பாலாடை நிறம்.

அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் அண்ணா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தமாக்கி

*

கோபே
ஆகஸ்ட் 31

தமாக்கி,

இங்கும் வெயில்தான். தோள்வலி இல்லை. பள்ளி திறக்கப் போகிறதே, விடுமுறைப் பாடம் முடித்தாயா?

கண்ணாடியில் பட்ட பெயின்டைச் சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வந்துவிடும். முதலில் தண்ணீர் தடவிக்கொள். கவாதே அத்தை வீட்டுக் கதவுக் கண்ணாடியில் இருந்தால் நீ போய்ச் சுரண்டிக் கொடு. மரத்தில் பட்டதைச் சுரண்டாதே, விட்டுவிடு.

சுவரை அப்பா அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.
இசாமு

*

மினாசே தீவு
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

காலையில் காற்றில் லேசாகக் குளிர் வந்துவிட்டது. சுகம் விசாரித்து எழுதுகிறேன். இந்தக் கடிதம் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். "பாவம், அவன் நம்ம வீட்டுக்கு முதல் முதலா செஞ்ச வேலை. அதுல போய்ச் சேத்தை வாரிப் பூசாதே" என்றார். ஆனாலும் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி பிளேடும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கவாதே அத்தை வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் கதவுக் கண்ணாடிகள் முழுவதும் பொரிப்பொரியாக இருந்தன. அத்தை வேண்டாம் வேண்டாம் என்றார். நான் சுரண்டத் தொடங்கியதும் எனக்குப் பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்து, என் பள்ளிப் பாடம் கெடுகிறதே என்று அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

கண்ணாடி வழியாக உள்ளறை தெரிந்தது. அங்கே அவருடைய கறுப்புக் கிமோனோ கழியில் விரித்துத் தொங்கியது. துக்கத்துக்கு உடுத்துவது, முதுகில் வெள்ளையாகக் குடும்பச் சின்னம் இருந்தது. சின்னத்தைச் சுற்றிலும், தோளிலும், கை மடிப்பிலும் புள்ளிகள். முதலில் துணியின் வேலைப்பாடு என்றே நினைத்தேன். துக்க உடையில் வேலைப்பாடு இருக்காது என்று பிறகுதான் உறைத்தது.

அன்று அவர் வீட்டைத் திறந்து போட்டிருந்தது அதற்காகத்தான். வருகிற அக்டோபரில் அவர் கணவருக்கு ஏழாம் ஆண்டு நினைவுச் சடங்கு. பெட்டியிலிருந்த உடைகளை எடுத்துக் காற்றாட விட்டிருக்கிறார். அப்பாவோடு டிக்கெட் அலுவலகத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்த கவாதே மாமாவுக்குத்தான் இந்தச் சடங்கு. நாமும் போக வேண்டியது.

நான் பார்ப்பதை அத்தை பார்த்துவிட்டார். எழுந்து போய்க் காகிதக் கதவை மெல்ல இழுத்து மூடினார். "பழைய துணி, பூச்சி அரிச்சது. நீ அதையெல்லாம் பாக்காதே" என்றார்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அம்மா பெட்டி நிறையத் திராட்சை எடுத்துக்கொண்டு மேல்தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். என்ன பேசினாரோ, முகம் சிவந்து திரும்பினார். அதற்கடுத்த நாள் அத்தை அதைவிடப் பெரிய பெட்டியில் பேரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அந்தப் பேரிக்காயை நறுக்கவே இல்லை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் ஆட்களைக் கூப்பிட்டுத் தடவச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் "என் பையன்" என்று சொல்லும்போது நான் உள்ளே போய்விடுகிறேன். நம் சுவரைப் பார்க்காமலே பள்ளிக்குப் போகக் கற்றுக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும் என்று ஜூலையில் நீதான் எழுதியிருந்தாய். அன்று பின்சுவரை நீ அடித்தது சாப்பாட்டுக்கு முன்பு. கண்ணில் கண்ணாடி, மூக்கில் துணி, காதில் கம்ப்ரசர் சத்தம். காற்று திரும்பியது உனக்குத் தெரியவில்லை, அப்படித்தானே? கவனிக்கவில்லை என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அப்பாவின் பேச்சை நான் உனக்கு எழுதியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன்.

தமாக்கி

*

மினாசே தீவு
செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்றுப் புயல் கடந்து போனது. கூரை ஓடு எதுவும் போகவில்லை. சுவரும் அப்படியே இருக்கிறது. நலமாக இருக்கிறாயா? பன்னிரண்டாம் தேதி எழுதிய கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. புயலில் படகு ஓடாததால் தபால் தங்கியிருக்கலாம்.

கவாதே அத்தை வீட்டில் மாலை வேளைகளில் பின்னறையில் விளக்கு எரிகிறது. மெல்லிய தூரிகையால் மையைத் தொட்டு அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குகிறார். என் அறை ஜன்னலிலிருந்து நிழல் தெரிகிறது. சலவைக்கடையில் கொடுத்துப் பார்த்தாராம், எடுக்க வந்தால் பட்டும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம். மீன்கடையில் யாரோ அம்மாவிடம் சொன்னார்கள்.

நான் திரையை இழுத்துவிட்டுத்தான் படிக்கிறேன்.

தமாக்கி

*

கோபே
அக்டோபர் 4

தமாக்கி,

கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் கிடைத்தன.

இங்கே குளிர் ஆரம்பம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை நடக்கிறது. மேஸ்திரி ஸ்பிரே கன்னை என்னிடம் கொடுத்தார். கை வலிக்கிறது என்று சொல்லி ரோலர் எடுத்துக்கொண்டேன். "பயலுக்கு என்னடா ஆச்சு, கிழவன் மாதிரி" என்று சிரிக்கிறார்கள்.

சடங்குக்கு அப்பா போகிறாரா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.
இசாமு

*

மினாசே தீவு
அக்டோபர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோவில் வழியெல்லாம் செவ்வந்தி பூத்துவிட்டது. நீ சுகமா? நாங்கள் உடம்பளவில் சுகம். இன்று பருவநிலையைப் பற்றி எழுதினால் அதுவே செய்தியாகிவிடும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது.

சடங்கு நல்லபடியாகத் தொடங்கியது. கவாதே அத்தை அந்தக் கறுப்புக் கிமோனோவில்தான் வந்தார். நான் பின்வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தேடியும் ஒரு புள்ளி தெரியவில்லை. மந்திரம் ஓதி முடிக்கும்வரை எனக்கு மூச்சு லேசாக இருந்தது. பக்கத்தில் அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு எல்லாரும் மேட்டிலிருக்கும் கல்லறைக்குப் போனோம். தூறல் விழுந்தது. அத்தை ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, அது அணையாமலிருக்கத் தன் குடையை அதன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். மழை முழுவதும் அவர் முதுகில்தான் விழுந்தது. அவருக்கு நேர் பின்னால் அப்பா நின்றார்.

முதலில் கழுத்தின் வெள்ளை உள்பட்டியில் கறுப்பு நீர் இறங்கியது. அதன் பிறகு முதுகில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துணியில் ஊறிய மை தங்கியது, பெயின்ட் மேல் பூசிய மை மட்டும் கரைந்து ஓடியது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். அக்கரையிலிருந்து வந்திருந்த அவருடைய சித்தப்பா ஒருவர், காது கேளாதவர், சத்தமாக, "என்னம்மா முதுகெல்லாம்? மகரந்தமா?" என்று கேட்டார்.

அத்தை திரும்பவில்லை. "ஆமா சித்தப்பா. பூவைத் தோள்ல சாய்ச்சு எடுத்துட்டு வந்தேன்ல, அதான்" என்றார்.

அண்ணா, அந்த நிறம் என்ன என்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களுடைய கையைப் பிடித்து அப்பாவே தடவிக் காட்டிய நிறம். அவர்கள் அத்தையைப் பார்க்கவில்லை, மரியாதையாக எங்களையும் பார்க்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அப்பா தன் குடையை அத்தையின் மேல் நீட்டினார். குடை சாய்ந்ததில் விளிம்புத் தண்ணீரும் அவர் மேலேயே கொட்டியது.

வீட்டுக்கு வந்து அப்பா மழையிலேயே பின்பக்கம் போனார். நம் பின்சுவருக்கும் அத்தை வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று நின்று பார்த்தார். உள்ளே வந்து, "உனக்குத் தெரியுமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஈரக் குடைகளை மடக்கினார். "உனக்கு?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். "அவனுக்கு?"

செப்டம்பரில் நான் கேட்ட ஒரு வரியை நீ இன்னும் எழுதவில்லை.

தமாக்கி

*

கோபே
அக்டோபர் 28

தமாக்கி,

நலமா? நான் நலம்.

இருபத்தைந்தாம் தேதி தீவுக்கு வந்தேன். நீ பள்ளியில் இருந்தாய், அப்பா அலுவலகத்தில். துறையில் இறங்கி அப்பா உட்காரும் ஜன்னல் பக்கம் போகாமல் மீன்சந்தை வழியாகச் சுற்றி மேல்தெருவுக்குப் போனேன். நம் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் இதை நீயே சொல்லிவிடு.

கவாதே அத்தை கதவைத் திறந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் மண்டியிட்டுக் குனிந்துவிட்டார். "வாங்க தம்பி. நானே உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நனைஞ்சு போய் உங்கப்பாவை எல்லார் முன்னாடியும் சங்கடப்படுத்திட்டேன்" என்றார். நான் வாசல் மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தேன். அவர் இன்னும் தாழக் குனிந்தார். நான் பெயின்ட் பட்டதைப் பற்றித் தொடங்கினால், கதவைத் திறந்து வைத்தது தன் தவறு என்கிறார். சொல்லாமல் செய்தோமே என்றால், தன் வாசல் மேல்தெருவில் இருக்கிறதே, நீங்கள் எப்படி வருவீர்கள் என்கிறார். நான் எந்த மன்னிப்பை எடுத்தாலும் அவர் அதற்கு முன்னாலேயே ஒன்று வைத்திருந்தார். இப்படியே போனால் நான் இனிப்பு வாங்கிக்கொண்டு படகேறியிருப்பேன்.

அதனால் குனிந்தபடியே சொன்னேன். "அத்தை, காத்து திரும்பினதை நான் பாத்தேன். உங்க வீடு திறந்திருந்ததையும் பாத்தேன். கறுப்பா ஏதோ தொங்கறது தெரிஞ்சுது. நிறுத்தலை."

அவர் நிமிர்ந்தார். நான் நிமிரவில்லை, அவர் முழங்கால் நகர்வது தெரிந்தது.

"ஏண்டா?" என்றார். அதுவரை தம்பி, வாங்க, போங்க. இப்போது டா.

"கீழே அப்பா நாலு பேரோட நின்னு பாத்துக்கிட்டிருந்தார். மூணு வருஷத்துல முதல் தடவையா நான் வேலை செய்யறதைப் பாக்கறார். பாதியில நிறுத்திட்டு ரோலரைத் தொட்டிருந்தா சுவர்ல ஒட்டு தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

பிறகு சொன்னார்: "பையன் தெரியாம செஞ்சுட்டான், தெரியாம செஞ்சுட்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இத்தனை நாள் உங்களுக்கெல்லாம் குனிஞ்சேன். தெரிஞ்சா செஞ்சே? அப்படின்னா எனக்குக் கோவம் வருதுடா. அவர் செத்த அன்னிக்கு நான் உடுத்தின துணி அது. போ. இன்னிக்கு உன்னை மன்னிக்க முடியாது. மன்னிக்க முடியுதான்னு பாக்க இன்னொரு நாள் வா."

கதவை மூடிவிட்டார். அறைந்து மூடவில்லை.

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாததற்குக் காரணம் இப்போது உனக்குத் தெரியும். கவனிக்கவில்லை என்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன்னிடம் சொல்வதற்கு முன் அவரிடம் சொன்னது தப்பா என்று தெரியவில்லை.

நான் மறுபடி போகலாமா? அவர் போக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையும் விடாதே.

இசாமு

*

மினாசே தீவு
நவம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

மலைப்பக்கத்து மரங்கள் சிவந்துவிட்டன. காலையில் மூச்சு வெள்ளையாகத் தெரிகிறது. கம்பளி உள்ளாடை அனுப்பியிருக்கிறோம், அம்மா தைத்துப் பெரிதாக்கியது. போட்டுக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. "கீழே அப்பா நின்று பார்த்தார்" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். "திரும்பப் படி" என்றார். படித்தேன். முழுவதும் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றவர் பேச்செடுத்தால், "ரோலர்ல அடிக்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம..." என்று பாதியில் விட்டுவிடுகிறார்.

கவாதே அத்தை மாறிவிட்டார். குப்பை வைக்கும் இடத்தில் எங்களைக் கண்டால் குனிவதில்லை, தலையை லேசாக அசைத்துவிட்டுப் போகிறார். பலகாரம் எதுவும் கொண்டுவருவதில்லை. அம்மா கொடுத்தனுப்பிய சேனைக்கிழங்கை வாங்கி வைத்துக்கொண்டார், பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. "முகங்கொடுத்துப் பேசறதையே விட்டுட்டாங்களே" என்று அம்மா வருத்தப்பட்டார். எனக்கும் அவர் எதிரே வந்தால் காது சூடாகிறது. தெருவோரம் ஒதுங்கி நின்று வழி விடுகிறேன். அவர் ஒதுங்குவதில்லை.

இன்று ஞாயிறு. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு அப்பா முற்றத்தில் உதிர்ந்த இலைகளைக் குவித்துக் கொளுத்தினார். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கவாதே அத்தையின் தலை தெரிந்தது. இடுப்பில் துணிக்கூடை. நம் குடும்பப் பெயரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஒகுடா, இந்த ஊர்லதானே பொறந்தீங்க? காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு நெருப்பு வைக்கக் கூடாதா? துவைச்ச துணி அத்தனையும் புகை நாத்தம். மறுபடி துவைக்க நீங்களா வருவீங்க?"

நம் வீட்டைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினார். இலை, சாம்பல், அவர் செருப்பு எல்லாம் நனைந்தது. "தப்புதான்" என்றார். அத்தை "தப்புதான்" என்று அதையே திருப்பிச் சொன்னார். பதிலுக்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்து கதவோரம் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் அப்பாவின் செருப்பைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அத்தை கூடையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கண்ணன் எப்ப வர்றான்?" என்று கேட்டார். புது வருடத்துக்கு என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்ட தொனி நன்றாக இல்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை. அதனால் வா.

எல்லாரும் சுகம். உன் சுகத்தை எழுது.
தமாக்கி